ஊசிப்பெட்டியில் ஒரு கை உப்பு

முதலில் யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தர் வந்து "நான் அன்னிக்கு அங்க இல்லவே இல்ல"னு சொல்லக் கூடாது பாருங்கள்.

இடம், சிப்பிமேடு வலைக்கூடம். புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணி. கூடத்திலுள்ள ஒரே நாற்காலியில் ஊர்த் தலைவர் மாணிக்கம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. தலைவர் நியாயம் சொல்லும்போதெல்லாம் அது 'டக்' என்று ஆமாம் போடும். அவருக்கு எதிரே, சுருட்டி வைத்த வலைமேல் அம்பிகா. அவள் மடியில் மகள் சந்தியா, வயது ஒன்றேகால். பக்கத்தில் இறால் விற்கும் குப்பம்மாள். அவள் உட்கார்ந்தால் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி, பேசினால் நாலு பேர் பேசின மாதிரி. வாசலை அடைத்துக்கொண்டு, மீன் ட்ரேயைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஐஸ் பிரபாகரன். அவன் காலடியில் அவனுடைய தெர்மாகோல் பெட்டி. மூலையில் விரித்த பாயில் தனியாக நர்ஸ் வசந்தா, மடியில் நீலநிற ஊசிப்பெட்டியோடு. காலையில் ஊசி போட வந்தவர். ஒரு குழந்தையும் வரவில்லை.

நான் இளவரசி, மகளிர் குழுச் செயலாளர். ஜன்னலோரம் தரையில், பலகைமேல் கோடு போட்ட தாளோடு இருந்தேன். ஊரில் எந்த மனுவானாலும் என்னிடம்தான் வரும். பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழம்மா சொல்லிக்கொடுத்தது: அனுப்புநர், பெறுநர், பொருள், செய்தி, இப்படிக்கு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது கடிதமில்லை, புலம்பல்.

அன்றைக்கு எழுத வேண்டியிருந்தது வசந்தாவின் மேல் புகார். யார்மேல் புகாரோ அவர் முன்னாடி உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்பது சிப்பிமேட்டின் வழக்கம். முதுகுக்குப் பின்னால் எழுதினால் மை காயாது என்பார்கள். அதனால்தான் பாவம் அவர் அந்தப் பாயில் உட்கார்ந்து, தன்மேல் எழுதப்படும் புகாரைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

புகார் இதுதான். சந்தியாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. நிறுத்தாமல் இருபது தடவை இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது 'ஊஊப்' என்று ஒரு சத்தம். பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கக்குவான் இருமல், ஒரு கிருமியால் வருவது என்று சொல்லி மருந்து கொடுத்தார். பிள்ளை தேறிவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது, ஆனால் இருமல் அடங்க நூறு நாள்கூட ஆகும் என்றார். அதோடு, "இதுக்குத்தான் ஊசி இருக்கே, போடலையா?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்விதான் அம்பிகாவை எரித்துவிட்டது. ஏனென்றால் அவள் போட்டிருந்தாள். ஒன்றரை மாதத்தில் ஒன்று, இரண்டரையில் ஒன்று, மூன்றரையில் ஒன்று. மூன்றும் வசந்தா கையால். அட்டையில் மூன்று கையெழுத்து. அப்புறம் ஊரில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் அதே 'ஊஊப்'.

"எழுது இளவரசி," என்றாள் அம்பிகா. "இந்த நர்ஸம்மா போட்டது ஊசியே இல்ல, வெறும் தண்ணி. அவங்கள இங்கேர்ந்து மாத்தணும். அவ்ளோதான்."

"வெறும் தண்ணின்னா எழுத முடியாது," என்றேன். "கழித் தண்ணியா, கடல் தண்ணியா, குடிதண்ணியான்னு கேப்பாங்க."

"குடிதண்ணியா இருக்காது," என்றாள் குப்பம்மாள். "நமக்கே ரெண்டு நாளைக்கு ஒரு தபாதான் வருது. ஊசில போட எங்கேர்ந்து மிச்சம்?"

தலைவர் கையை உயர்த்தினார். நாற்காலி 'டக்' என்றது. "ஊசி சரியில்லைன்னு எழுதும்மா. பொதுவா எழுது."

எழுதினேன். 'பொருள்: தடுப்பூசி போட்டும் கக்குவான் இருமல் வந்தது தொடர்பாகவும், செவிலியரை இடமாற்றம் செய்யக் கோரியும்.' உரக்கப் படித்துக் காட்டினேன். வசந்தா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அழுக்கு ஒன்றுமில்லை, சும்மாதான் துடைத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வசந்தாவுக்கு முன்னால் இருந்த நர்ஸ் படகைக் கண்டாலே வாந்தி எடுப்பார். அவரை நாங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்திருந்தால் அதிகம். வசந்தா வந்த பிறகுதான் எங்களுக்குப் புதன்கிழமை என்று ஒரு கிழமை உண்டானது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றாத எல்லாப் புதனும் அவர் படகில் வந்து இறங்குவார், பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு. இந்தக் கடிதம் இப்படியே போனால் இதுதான் அவருக்கு இங்கே கடைசிப் புதன். அவருக்குப் பதில் ஒருவர் வருவாரா என்பது பழவேற்காட்டுக் காற்றுக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் எழுதுபவள். எழுதச் சொன்னதை எழுத வேண்டும். எழுதும்போது கேள்வி கேட்பது மட்டும் என் உரிமை.

"போட்டும் ஏன் வந்துச்சுன்னு காரணம் ஒரு பத்தி வேணும்," என்றேன். "காரணம் இல்லாத புகார் நிக்காது."

"அத்த அவங்களையே கேளு," என்றாள் அம்பிகா, பாயின் பக்கம் திரும்பாமலே.

வசந்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "போட்டும் வர்றதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கும்மா. ஒண்ணு, எல்லா ஊசியும் போட்டு முடிக்காதது."

"முடிச்சாச்சு. அட்டை கீது."

"ஆமா, முடிச்சாச்சு. ரெண்டாவது, ஊசியோட காவல் வருஷம் ஆக ஆகக் குறையும். அதனாலதான் ஒன்றரை வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணுன்னு திரும்பப் போடுறோம். ஆனா சந்தியாவுக்கு அதுக்குள்ள குறைஞ்சிருக்காது. மூணாவது, நூறு பிள்ளைக்குப் போட்டா அதுல சிலதோட உடம்பு அந்த ஊசியை ஏத்துக்காது. அது யார் தப்பும் இல்ல."

"சில உடம்புன்னா எந்த உடம்பு?" என்றாள் குப்பம்மாள். "எனக்கு ஆஸ்பத்திரி ஊசி எதுவுமே ஏறாது. போன தபா ஊசிதான் வளைஞ்சிச்சு."

"அது வேறம்மா."

"உடம்புதானே ஏத்துக்கல?"

தலைவர் சிரிப்பை அடக்க, நாற்காலி மட்டும் 'டக், டக், டக்' என்று சிரித்தது. நான் வசந்தாவின் பதிவேட்டை வாங்கிக் கணக்குப் பார்த்தேன். இருமல் வந்த மூன்று குழந்தைகளும் போன வருஷம் வைகாசியிலிருந்து புரட்டாசிக்குள் ஊசி போட்டவை. அதே மாதங்களில் ஊசி போட்ட குழந்தைகள் ஊரில் மொத்தம் பதினொன்று. ஐப்பசிக்கு அப்புறம் போட்ட ஏழு குழந்தைகளில் ஒன்றுக்கும் இருமல் இல்லை. அந்த ஏழில் ஒன்று இந்தச் சந்தியாவோடு தினமும் ஒரே தட்டில் மண் தின்னும் குழந்தை.

"அப்படின்னா மூணு பேர் உடம்பும் ஒரே சமயத்துல ஏத்துக்காம இருக்குமா?" என்று கேட்டேன்.

வசந்தா விரல்விட்டு எண்ணிக்கொண்டே யோசித்தார். "இருக்காது. அப்ப நாலாவதுதான். மருந்து எங்கேயோ கெட்டிருக்கணும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "வைகாசி, ஆனி... வெயில் காலம். படகுக்கு ரெண்டு மணி நேரம் பழவேற்காட்டுத் துறையில காத்துக்கினு இருப்பேன்..."

"பார்த்தியா! அவங்க வாயாலயே வந்துச்சு," என்றாள் அம்பிகா. "வெயில்ல வெச்சு வேக வெச்சுட்டாங்க. எழுது!"

நான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் பிரபாகரன் எழுந்தான். அவன் எழுந்ததும் வாசல் வெளிச்சம் உள்ளே வந்தது.

பிரபாகரனைப் பற்றி இரண்டு வார்த்தை. அதே துறையில் ஐஸ் கொட்டகை வைத்திருக்கிறான். எங்கள் இறால், மீன் எல்லாம் அவன் ஐஸில்தான் சென்னைக்குப் போகும். நல்ல மனுஷன். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அந்த உதவியால் சிலருக்குத் தூக்கம் போயிருக்கிறது என்பது வேறு விஷயம்.

"தலைவரே, ஒரு நிமிஷம்," என்றான். "நர்ஸம்மா மேல அபாண்டம் சொல்லாதீங்க. வெயில்ல கெட்டிருக்கச் சான்ஸே இல்ல. அதுக்கு நான் கேரண்டி."

"நீ இன்னாடா கேரண்டி? நீ இன்னா டாக்டரா?" என்றாள் குப்பம்மாள்.

"டாக்டர் இல்ல அத்தை, ஐஸ்காரன். போன வருஷம் நர்ஸம்மா படகுக்கு நிக்கும்போது பெட்டிய என் கொட்டகை நிழல்லதான் வெச்சுட்டுப் போவாங்க. அந்தாண்ட கோட்டைக்குப்பம் பிள்ளைங்க ரெண்டு பேரப் பார்த்துட்டு ஓடியாருவாங்க. ஒரு நாள் சும்மா தொறந்து பார்த்தேன். உள்ள நாலு ஐஸ் பாக்கெட்டு. நாலும் வேர்த்து ஒழுவுது! ஆட்டினா களக் களக்குன்னு தண்ணி சத்தம்!"

"அது அப்படித்தான் இருக்கணும் பிரபா," என்றார் வசந்தா மெதுவாக. "ஆட்டினா தண்ணி சத்தம் வர்ற வரைக்கும் வெளிய வெச்சு, அப்புறம்தான் உள்ள அடுக்கணும்னு எங்களுக்கு டிரெயினிங்கே."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியுமா? எங்க நைனா சொல்வாரு, ஐஸ் வேர்த்தா சரக்கு அழுவுதுன்னு. பிள்ளைங்களுக்குப் போற மருந்து அழலாமா? மனசு கேக்கல. மருந்து பாட்டிலையெல்லாம் எடுத்து என் பெட்டில வெச்சேன். நைஸா ஒடச்ச ஐஸ். மேல ஒரு கை உப்பு."

அம்பிகாவின் மடியில் சந்தியா இரண்டு முறை இருமினாள்.

"இன்னாது?" என்றார் வசந்தா. "உப்பா?"

"பின்ன? உப்பு போட்டாத்தானே ஐஸ் கல்லா நிக்கும்? வஞ்சிரத்துக்கே உப்பு போடுறேன். மருந்துக்குப் போட மாட்டேனா? ஒரு மணி நேரம் வெச்சு நல்லா வெறைக்க வெச்சு, நீங்க வர்றதுக்கு முன்னாடி தொடச்சு திருப்பி அடுக்கிருவேன். நீங்க ரூல்ஸ் பேசுவீங்கன்னுதான் சொல்லல." அவன் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தான். "ஒரு புதன், ரெண்டு புதன் இல்ல. ஐப்பசில துறை மண் ஏறி, படகு வடக்குத் துறைக்கு மாறுற வரைக்கும், ஒரு வாரம்கூட விடல. இத்தையும் எழுதிக்கோ இளவரசி. ஃப்ரீ சர்வீஸ்."

வசந்தா ஊசிப்பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துவிட்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது பாதி சிரிப்பு, பாதி அழுகை. எந்தப் பாதி எது என்று சொல்ல முடியவில்லை.

"ஒரு தபா பாட்டில்மேல வெள்ளையா ஏதோ ஒட்டிக்கினு இருந்துச்சு," என்றார். "கடல் காத்துன்னு நெனச்சுத் தொடச்சேனே. பிரபா, அந்த மருந்து உறையவே கூடாது. உறைஞ்சா செத்துச்சு."

"ஐஸ்ல வெச்சா எப்படி நர்ஸம்மா கெடும்?" பிரபாகரன் நிஜமாகவே குழம்பிவிட்டான். ஐஸ் ஒரு பொருளைக் கெடுக்கும் என்பது, தண்ணீர் மீனைக் கெடுக்கும் என்பது போல இருந்தது அவனுக்கு. "கெடாம இருக்கத்தானே ஐஸு?"

தலைவரும் தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான். சிப்பிமேட்டில் பிறந்த யாருக்கும் ஐஸ்மேல் சந்தேகம் வராது.

"காட்டுறேன்," என்றார் வசந்தா. பெட்டியைத் திறந்து இரண்டு குப்பிகளை எடுத்தார். இரண்டும் ஒரே நாளில் தயாரானவை. திறந்து இருபத்தெட்டு நாள் ஆனதால் இனி யாருக்கும் போடக் கூடாது, திருப்பி ஒப்படைக்க வேண்டியவை. "ஒண்ணு உன்கிட்ட கொடுக்கிறேன். போன வருஷம் செஞ்ச மாதிரியே செய். இன்னொண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

பிரபாகரன் சட்டைக் கையை மடித்துவிட்டான். ஐஸை உடைத்தான், பரப்பினான், குப்பியைப் படுக்கவைத்தான், மேலே மூடினான். மடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கை உப்பு எடுத்து, சாமிக்குப் பூ போடுவதுபோலத் தூவினான். ஒரு மணி நேரம். அதற்குள் குப்பம்மாள் அவித்த கடலை வாங்கி வந்தாள். எல்லோரும் தின்றோம், வசந்தாவும். அம்பிகா அவருக்குத் தானாகக் கொடுக்கவில்லை. ஆனால் கடலைப் பொட்டலத்தைப் பாய்ப் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

வெளியே எடுத்தபோது குப்பிக்குள் இருந்தது கல். தட்டினால் சத்தம் வந்தது. குப்பம்மாள் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அவள் கை அடுப்பு மாதிரி. கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. பார்க்க ஒன்றும் வித்தியாசமில்லை. இரண்டு குப்பியிலும் ஒரே மாதிரி மங்கல் தண்ணீர்.

"பாருங்க! ரெண்டும் ஒண்ணுதான்!" என்றான் பிரபாகரன்.

"பொறு," என்றார் வசந்தா. இரண்டையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, ஜன்னல் கட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இப்ப பார்த்துக்கினே இருங்க. எதுல மண்டி சீக்கிரம் அடியில இறங்குதுன்னு."

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆறு பேர், ஊர்த் தலைவர் உள்பட, ஜன்னலைச் சுற்றி நின்று இரண்டு மருந்துக் குப்பிகளை உற்றுப் பார்த்தோம். இரண்டு நிமிஷத்தில் அது படகுப் போட்டியாகிவிட்டது.

"இடது பக்கம் நம்மள்து!" என்றாள் குப்பம்மாள். இடது பக்கம் இருந்தது ஐஸ் பட்ட குப்பி. "என் கையில கரைஞ்சது. அதான் ஜெயிக்கும். இன்னா தலைவரே, ஒரு கூறு இறால் பந்தயம்?"

"வலதுக்கு நான்," என்றார் தலைவர். நாற்காலி இல்லாததால் அந்த வார்த்தைக்கு 'டக்' வரவில்லை.

"தள்ளு, தள்ளு! இறங்குது பாரு! ஜல்தி, ஜல்தி!" குப்பம்மாள் துடுப்புப் போடுவதுபோலக் கையை வீசினாள். இடது குப்பியில் வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ கட்டி, மழைத்தண்ணீரில் சேறு அமுங்குவது மாதிரி அடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே தெளிவாகிவிட்டது. வலது குப்பி இன்னும் மங்கலாக, அசையாமல், அவசரமே இல்லாமல் நின்றது.

"ஜெயிச்சிட்டேன்!" என்று குதித்தாள் குப்பம்மாள். வலைக்கூடமும் கூடக் குதித்தது. "என் ஊசிதான் ஃபர்ஸ்ட்டு! எடு இறால!"

"சீக்கிரம் இறங்கினதுதாம்மா கெட்டது," என்றார் வசந்தா.

குப்பம்மாள் கையை இறக்கினாள். "இது இன்னா பந்தயம்? ஜெயிச்சவன் தோத்தான்றாங்க."

"மருந்துல கிருமியோட சத்து ஒரு பொடியில ஒட்டிக்கினு மெதந்துக்கினு இருக்கும். உறைஞ்சா அந்தப் பொடி திரிஞ்சு கட்டியாயிடும். பால் திரிஞ்ச மாதிரி. அப்புறம் கரைச்சாலும் பழையபடி ஆகாது. அதப் போட்டா பிள்ளைக்கு வலி மட்டும்தான் மிச்சம், காவல் இருக்காது."

பிரபாகரன் இடது குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது குப்பம்மாள், தோற்ற கோபத்தில், அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏண்டா கஸ்மாலம்! உசுரு நண்டை நீ ஐஸ்ல போடுவியா?"

"நண்டையா? ஐயோ, போடக் கூடாது அத்தை. செத்துரும். ஈரச் சாக்குல சுத்தி நிழல்ல வெக்கணும். செத்த நண்டை எவன் வாங்குவான்?"

"அப்ப ஊசி இறாலா, நண்டா?"

பிரபாகரனின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. ட்ரேயின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நண்டு," என்றான் மெதுவாக. "ஐயோ, அஞ்சு மாசம் நண்டை ஐஸ்ல போட்டிருக்கேனே."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வசந்தாகூட "அட, எங்க டிரெயினிங்ல இத்தச் சொல்லலையே," என்றார்.

இனிக் கடிதத்துக்கு வர வேண்டும். முதல் தாளைக் கிழித்தேன். தலைவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

"இதப் பாரும்மா," என்றார். "பிரபா நல்லது நெனச்சுத்தான் செஞ்சான். எழுதினா அவனைப் போலீஸ் கீலீஸ்னு இழுப்பாங்க. நர்ஸம்மா பெட்டியை விட்டுட்டுப் போனதுக்கு அவங்களுக்கும் பேஜார். பேசாம வெயில்னு எழுதிடு. வெயில் மேல எவன் ஆக்‌ஷன் எடுப்பான்?" டக்.

பிரபாகரன் கும்பிட்டான். அம்பிகா சந்தியாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் தாளில் 'வெ' வரை எழுதிவிட்டேன். பிறகு பேனா நின்றது. எழுதுபவளின் புத்தி அது. பதில் என்ன வரும் என்று யோசிக்காமல் கடிதம் எழுதக் கூடாது என்பதும் தமிழம்மா சொன்னதுதான்.

"தலைவரே, வெயில்னு எழுதினா மேல இருந்து இன்னா பதில் வரும்?"

"இன்னா வரும்? 'இனிமே பத்திரமா வைங்க'னு வரும்."

"பத்திரமான்னா?"

"நெறைய ஐஸ்..." என்று ஆரம்பித்த தலைவர் அப்படியே நிறுத்தினார். நாற்காலியும் நின்றுவிட்டது.

"ஐஸா!" என்று அலறினான் பிரபாகரன். "வேணாம், வேணாம்!"

வசந்தா எழுந்து நின்றார். பாயின் கோடு அவர் புடவையில் பதிந்திருந்தது. "வெயில் வேணாம் இளவரசி. நடந்ததை எழுதுங்க. பெட்டியைப் பார்வையை விட்டு வெச்சது நான். அதுவும் வரணும். இல்லைன்னா அந்தப் பதினொரு பிள்ளைக்கும் மறுபடி ஊசி போட அனுமதி கேக்கவே முடியாது. போட்டாச்சுன்னுதானே அட்டை சொல்லுது? என்னை மாத்தினா மாத்தட்டும்."

இந்த 'மாத்தட்டும்' என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

எல்லோரும் அம்பிகாவைப் பார்த்தோம். புகார் அவளுடையது. அவள் சந்தியாவை இடுப்பில் மாற்றிப்போட்டுக்கொண்டாள். சந்தியா 'ஊஊப்' என்று ஒரு முறை இழுத்து, பிறகு தன் சத்தத்துக்குத் தானே சிரித்தாள்.

"மறுபடி போடணுமா?" என்றாள் அம்பிகா. முதல் முறையாக வசந்தாவின் முகத்தைப் பார்த்து.

"ஆமாம்மா. அந்த ஊசில கக்குவான் மட்டும் இல்ல. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி எல்லாத்துக்கும் அதுலதான் காவல். எத்தனை ஊசி, எப்பன்னு டாக்டர் சொல்வாங்க."

"யாரு போடுவாங்க?"

வசந்தா ஊசிப்பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"எழுது இளவரசி," என்றாள் அம்பிகா. "இந்த நர்ஸம்மாதான் வந்து போடணும். வேற ஆள் வந்தா என் பிள்ளை கையை நீட்டாது. அப்புறம் இன்னொண்ணு. படகுத்துறைல அவங்க வேலை முடிச்சு வர்ற வரைக்கும் பெட்டி என் மடியில இருக்கும். எவன் தொட்டாலும் கைய ஒடிப்பேன்."

"அத்த எழுத முடியாது," என்றேன்.

"'கண்காணிப்பு'னு எழுது."

எழுதினேன். இதுதான் அந்தக் கடிதம். அனுப்புநர், பெறுநர் முகவரியை விட்டுவிட்டு மற்றதைத் தருகிறேன்.

'பொருள்: உறைந்துபோன தடுப்பூசி மருந்தைப் பெற்ற பதினொரு குழந்தைகளுக்கு மீண்டும் தடுப்பூசி போடக் கோருதல்.

ஐயா, வணக்கம். சென்ற ஆண்டு வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் ஊருக்குக் கொண்டுவரப்பட்ட தடுப்பூசி மருந்து, படகுத்துறையில் எங்கள் ஊர் ஐஸ் வியாபாரி பிரபாகரனால், நல்ல எண்ணத்தில், உப்புப் போட்ட ஐஸில் வைக்கப்பட்டு உறைந்துவிட்டது. அவர் அதை இறால் என்று எண்ணிவிட்டார். அது நண்டு என்பது இன்று மதியம்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அந்த நேரம் பெட்டி செவிலியரின் பார்வையில் இல்லை; அதை அவரே சொல்லி எழுதச் சொன்னார். தவறை மறைக்காத ஒருவர் எங்கள் ஊருக்கு இதற்கு முன் வந்ததில்லை. ஆகவே பதினொரு குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி போட ஏற்பாடு செய்யும்படியும், அதை இதே செவிலியர் வசந்தா கையால் போடும்படியும், அவரை இங்கேயே வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். பெட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து கண்காணிப்பு உண்டு. குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் இணைப்பில்.'

"நண்டை எடுத்துரு," என்றார் தலைவர். "படிக்கிற ஐயா மண்டைய ஒடச்சுக்குவாரு."

"எடுக்கக் கூடாது," என்றாள் குப்பம்மாள். "அதுதான் நான் சொன்னது."

நண்டு அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு என்ற இடத்தில் முதல் கையெழுத்து அம்பிகா. அடுத்தது தலைவர். குப்பம்மாள் கட்டைவிரல் வைத்தாள். தாளில் கால்வாசி இடம் போனது. பிரபாகரன் பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"கைல வெலங்கு மாட்டுவாங்களா இளவரசி?"

"தெரியாது."

"மாட்டுறதுக்குள்ள அந்தப் பதினொரு வீட்டுக்கும் இன்னிக்கே போய் நானே சொல்லிடறேன். வெலங்கோட போனா நல்லா இருக்காது." கையெழுத்துப் போட்டான். அதன் கீழே, யாரும் கேட்காமலே, 'ஃப்ரீ சர்வீஸ் நிறுத்தப்பட்டது' என்று எழுதினான்.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பசை தீர்ந்திருந்தது. குப்பம்மாள் தன் மதியச் சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தில் நான் என் சின்னக் கையெழுத்தைப் போட்டேன். நாலரைப் படகில் இறால் ஏற்றிக்கொண்டு போகிற பிரபாகரன்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதே படகில் வசந்தாவும். முன்னால் அம்பிகா, சந்தியா ஒரு இடுப்பில், ஊசிப்பெட்டி இன்னொரு இடுப்பில். துறை வரைக்கும் போய் அடுத்த படகில் திரும்புவாளாம். கண்காணிப்பு இன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

பதினொரு வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, மூச்சிரைக்க வந்தான் பிரபாகரன். படகு நகர ஆரம்பித்தது. அலை தெறித்துக் கடிதம் நனையப்போகிறதே என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பாதுகாப்பான இடம் எது என்று அவன் கைக்குத் தெரியும். கை தானாகவே போய்த் தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தது.

"டேய்!" என்று கரையிலிருந்து குப்பம்மாள் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. "அது நண்டுடா!"

பிரபாகரன் மூடியைப் பட்டென்று சாத்தினான். கடிதத்தைச் சட்டைக்குள் விட்டு, பொத்தானைப் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். படகு பழவேற்காட்டைப் பார்த்துத் திரும்பியது.